விளையாட்டு, சினிமாச் செய்திகளைப் பின்தொடர: செயலியா, டிஸ்கவரா, ஆர்எஸ்எஸ் ஃபீடா?

பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்தையும் சினிமாப் பக்கத்தையும் இணையத்தில் தொடர்ந்து படிக்க இப்போது முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. பத்திரிகையின் சொந்தச் செயலியைப் போட்டு, நோட்டிஃபிகேஷனை நம்பியிருப்பது ஒன்று. நாம் எதைத் தட்டுகிறோம் என்று பார்த்து அதற்கேற்பச் செய்தி கொண்டுவரும் கூகுள் டிஸ்கவர் போன்றவை இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் பழைய வழி: பத்திரிகைகள் தரும் ஆர்எஸ்எஸ் ஃபீடுகளை, அதாவது புதுச் செய்திகளின் பட்டியல்களை, அவற்றைத் திரட்டிக் காட்டும் ரீடர் என்ற மென்பொருளில் சேர்த்துவைத்துப் படிப்பது. மூன்றையும் மாறி மாறிப் பயன்படுத்திவிட்டு நான் மூன்றாவதில் நிலைத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். வேகம்தான் வேண்டும் என்றால் செயலியை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோல் விழுந்த கொஞ்ச நேரத்தில் திரையில் வந்து நிற்கும். எந்த மெனக்கெடலும் வேண்டாம் என்றால் டிஸ்கவர். எதையும் சேர்க்க வேண்டாம், அதுவாக வரும். சமூக ஊடகங்களில் பத்திரிகைப் பக்கங்களைப் பின்தொடர்வதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ட்விட்டரே 2016-இல் நேர வரிசையைத் தாண்டித் தானாகத் தேர்ந்தெடுத்துக் காட்டத் தொடங்கிவிட்டது. பின்தொடர்கிறோம் என்பதற்காக எல்லாம் கண்ணில் படும் என்ற உறுதி அங்கே கிடையாது.

ஆர்எஸ்எஸ் 1999-இல், இணைய உலாவி தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்தது. ஒரு தளத்தில் புதிதாக வந்தவற்றின் தலைப்பு, சுருக்கம், இணைப்பு, வெளியான நேரம் ஆகியவற்றை வரிசையாகத் தரும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். ரீடர் அவ்வப்போது போய் அந்தக் கோப்பைப் பார்த்து, புதிதாக இருப்பதை எடுத்துவரும். கார்டியன், பிபிசி, தி இந்து போன்றவை இன்றும் பகுதிவாரியாக ஃபீட் தருகின்றன. அரசியல் வேண்டாம், விளையாட்டும் சினிமாவும் மட்டும் போதும் என்றால் அந்த இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, என்னை இந்தப் பக்கம் இழுத்தது எது? ரீடரில் எல்லாச் செய்திக்கும் ஒரே ஒரு வரிதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பெரிய போட்டித்தொடர் ஒன்று நடக்கிற மாதத்தில் டிஸ்கவரைத் திறந்து பாருங்கள். ஒரே நட்சத்திர வீரரின் காயம் பற்றி நாலு பத்திரிகைச் செய்தி, அவர் மனைவி போட்ட படம், அவர் வாங்கிய கார். அதே நேரத்தில் ரீடரில் விளையாட்டு ஃபீடைத் திறந்தால் காட்சியே வேறு. முதல் வரியில் அந்த வீரரின் காயம். அடுத்த வரியில் பெண்கள் ஹாக்கி அணியின் அறிவிப்பு. அதற்கடுத்து முன்னாள் கோல்கீப்பர் ஒருவருக்கு அஞ்சலிக் குறிப்பு. பிறகு டேபிள் டென்னிஸ் அரையிறுதி முடிவு. எல்லாமே ஒரே எழுத்தளவு, ஒரே உயரம். பக்கத்தில் வெளியான நேரம் மட்டும். அஞ்சலிக் குறிப்பை அதிகம் பேர் தட்டமாட்டார்கள். யாரும் தட்டாத செய்தியை, தானாகத் தேர்ந்தெடுத்துக் காட்டும் முறைகள் கீழே தள்ளிவிடும். ஃபீடுக்கு அந்தக் கணக்கே தெரியாது. பத்திரிகை வெளியிட்டது, அதனால் இங்கே இருக்கிறது.

சினிமாவில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. விளையாட்டிலாவது முடிவு என்று ஒன்று உண்டு. யார் ஜெயித்தார் என்பது செய்தியாகியே தீரும். சினிமாச் செய்தியில் வதந்தியும் வேலையும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு நடிகரின் விவாகரத்துச் செய்தியை என்னவென்று பார்க்கத் தட்டினாலே போதும், அப்புறம் டிஸ்கவர் நாள்கணக்கில் நம்மை அதே தெருவில்தான் நிறுத்திவைக்கும். ஒளிப்பதிவாளரின் நீண்ட பேட்டி, திரைப்பட விழாவிலிருந்து வந்த கட்டுரை, அதிகம் பேசப்படாத படத்தின் விமர்சனம் எல்லாம் அதே பத்திரிகை, அதே நாளில் வெளியிட்டவைதான். ஆனால் தேடிப் போனால்தான் கிடைக்கும். ரீடரில் அவை தானாக வந்து நிற்கின்றன. நான் படிக்கிறேனா இல்லையா என்பது என் முடிவு. அப்படி ஒன்று வந்திருக்கிறது என்பதாவது தெரிகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

இதை இன்னும் நுணுக்கமாகவும் செய்துகொள்ளலாம். கார்டியனில் பெரும்பாலான பகுதிப் பக்கங்களின் முகவரிக்குக் கடைசியில் ஒரு சாய்கோடும் ஆங்கிலத்தில் ஆர்எஸ்எஸ் என்ற மூன்றெழுத்தும் சேர்த்தால் அந்தப் பக்கத்துக்கான ஃபீட் வந்துவிடும். பெண்கள் கால்பந்துக்குத் தனி ஃபீட், பிடித்த விமர்சகர் ஒருவர் எழுதுவதற்கு மட்டும் தனி ஃபீட் என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லாப் பத்திரிகையும் இவ்வளவு தாராளமில்லை. சிலவற்றில் விளையாட்டு முழுவதற்கும் ஒரே ஃபீட்தான்.

குறைகளும் இருக்கின்றன. நேரலை ஸ்கோருக்கு ரீடர் உதவாது. அது இடைவெளி விட்டுத்தான் போய்ப் பார்க்கும். அரை மணி, ஒரு மணி தள்ளி வருவது சாதாரணம். பல ஃபீடுகளில் முழுக் கட்டுரை இருக்காது, இரண்டு வரிச் சுருக்கம்தான். தட்டிப் போனால் சந்தா கேட்கும் சுவர் நிற்கலாம்; ரீடர் அதைத் தாண்டிவிடாது. ராய்ட்டர்ஸ், ஏஎஃப்பி போன்ற செய்தி முகமைகளின் ஒரே செய்தி மூன்று பத்திரிகை வழியாக மூன்று முறை வரும். இதற்கு நான் கண்ட வழி, பொதுச் செய்திக்கு ஒரு பத்திரிகையை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் விமர்சனம், பத்தி போன்ற பகுதிகளை மட்டும் சேர்ப்பது.

இன்னொன்று, முதலிலேயே தெரிந்திருக்க வேண்டியது. ஃபீட் கோப்பில் சமீபத்திய செய்திகள் மட்டும்தான் இருக்கும். புதியது வர வர, பழையது உதிர்ந்துவிடும். தண்டர்பேர்ட் போல நம் கணினியிலேயே ஓடும் ரீடர் என்றால், ஒரு வாரம் திறக்காமல் விட்டால் இடையில் வந்து உதிர்ந்தவை போனது போனதுதான். ஃபீட்லி, ஐநோரீடர் போன்றவை தங்கள் சர்வரிலிருந்தே போய் எடுத்து வைத்துக்கொள்வதால் அந்தக் கவலை குறைவு. தினமும் திறக்காதவர்கள் இரண்டாவது வகையை எடுப்பது நல்லது.

ஆட்டத்தைப் பதிவு செய்துவைத்து ராத்திரி பார்க்கிறவர்களுக்குச் செயலி எதிரி. எதையும் திறக்காமலே முடிவைச் சொல்லிவிடும். ரீடர் தானாகக் கூப்பிடாது. ஆனால் திறந்தால் தலைப்பிலேயே முடிவு இருக்கும். அதனால் விளையாட்டை ஒரு ஃபோல்டரிலும் சினிமாவை இன்னொன்றிலும் போட்டு வைத்திருக்கிறேன். ஆட்டம் பார்த்து முடிக்கும்வரை முதல் ஃபோல்டரைத் தொடுவதில்லை. விமர்சனங்களின் சுருக்கத்தில் கதை கசிவது உண்டு. அதற்குத் தலைப்பு மட்டும் காட்டும் அமைப்பை வைத்துக்கொண்டால் போதும்.

கட்டண ரீடர்களைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. இலவச வசதியிலேயே என் தேவை முடிந்துவிடுகிறது. ஆப்பிள் நியூஸ் பயன்படுத்தியதில்லை. கூகுள் நியூஸில் குறிப்பிட்ட அணியையோ தலைப்பையோ பின்தொடரும் வசதி டிஸ்கவரைவிட எனக்கு மேலாகத் தோன்றியது, ஆனால் அதில் நான் அதிக காலம் இருக்கவில்லை. ஒரே அணி, ஒரே ஆட்டம், அதன் ஸ்கோர் மட்டும் போதும் என்கிறவருக்குச் செயலியே சரி. இறுதிப் போட்டி நாளில் நானும் அதைத்தான் திறக்கிறேன்.

ரீடரைத் தொடங்குகிறவர்கள் கையோடு ஒன்று செய்துவிடுங்கள். கூகுள் ரீடர் 2005-இல் வந்து, 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவி 2018 டிசம்பரில், 64-ஆம் பதிப்பில், தன்னிடமிருந்த ஃபீட் வசதியை எடுத்துவிட்டது. ஆக, எந்த ரீடரும் நிரந்தரமில்லை. ஆனால் அனேகமாக எல்லா ரீடரிலும் ஃபீட் பட்டியலை ஓபிஎம்எல் என்ற கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி அமைப்புகளில் இருக்கும். கூகுள் ரீடர் மூடியபோது அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு ரீடருக்குப் போனவர்கள் ஃபீடுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. புதிதாக நாலைந்து ஃபீட் சேர்க்கும்போதெல்லாம் அதை ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.