பொலிரோவில் பெரிய டயர், அலாய் வீல்: சில வருஷம் ஓட்டிய பிறகு

முன்பக்க இடது வீல் பேரிங் போன வாரம் மாற்றினேன். இதே பக்கம், இதே பேரிங், இரண்டாவது முறை. இந்த நேரம் பார்த்துச் செம்மடுவிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்கிறான்: "அண்ணா, நானும் பழைய பொலிரோ ஒண்ணு எடுத்துட்டேன். உங்க வண்டி மாதிரியே டயரும் வீலும் போட்டுடலாமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதிவிடுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

என்னுடையது 2012 எஸ்.எல்.எக்ஸ். கம்பெனியிலிருந்து வந்தது 215/75 ஆர்15 டயர் (215 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், 15 இன்ச் ரிம்முக்கானது), ஆறு இன்ச் அகல இரும்பு ரிம். நான் போட்டது 235/75 ஆர்15 ஏ.டி. டயர் (ஆல் டெரெய்ன், தார் ரோடு, மண் பாதை இரண்டுக்கும் ஆனது), ஏழு இன்ச் அகல அலாய். பழைய டயரின் மொத்த உயரம் 703 மி.மீ., புதியது 733. வித்தியாசம் 30 மி.மீ. என்றாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான், ஒன்றரை சென்டிமீட்டர். பார்க்கிறவர்கள் "நல்லா தூக்கியிருக்கீங்க" என்பார்கள். தூக்கவெல்லாம் இல்லை, டயர் அகலமாக இருப்பதால் அப்படித் தெரிகிறது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஏற்காட்டில் நாகலூர் தாண்டி எங்களுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது, நடுநடுவே மிளகு. தார் ரோடு முடிந்ததும் செம்மண் பாதை. ஐப்பசி மழையில் அந்த மண் சோப்பு மாதிரி வழுக்கும். பழைய டயரில் பட்டனுக்குள் (தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகளுக்கு நடுவே) மண் அப்பிக்கொள்ளும், அதற்கப்புறம் டயர் சுற்றுமே தவிர வண்டி நகராது. பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி, நாலு வீல் டிரைவ் கிடையாது. ஏ.டி. போட்ட பிறகு பட்டன் மண்ணைத் தானே உதறிவிடுகிறது. மெதுவாக, கியரை மாற்றாமல், ஆக்சிலேட்டரைச் சீராக வைத்து ஏற்றினால் ஏறிவிடுகிறது. மழை விட்ட மறுநாள் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ஏற்றத்தைத் திணறாமல் ஏறுவது எனக்கு இன்றைக்கும் பெரிய சந்தோஷம்.

இன்னொன்று பாதையில் கிடக்கும் கல். டயரின் பக்கச்சுவர் முன்பைவிட ஒன்றரை சென்டிமீட்டர் அதிக உயரம். கூர்மையான கல்மேல் ஏறி இறங்கும்போது டயர் அமுங்கிக் கொடுக்கிறது, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் இடுப்பு தப்பிக்கிறது. பாரம் தாங்குவதும் கூடுதல். டயர் ஓரத்தில் பாரக் குறியீட்டு எண் இருக்கும். பழையதில் 100 என்று போட்டிருக்கும், அதாவது ஒரு டயருக்கு 800 கிலோ. இதில் 105, அதாவது 925 கிலோ. ஆனால் டயர் தாங்கினால் போதாது, ரிம்மும் தாங்க வேண்டும். ரிம்மின் பின்பக்கம் எவ்வளவு கிலோ என்று வார்ப்பிலேயே போட்டிருக்கும். அது இல்லாத ரிம்மைத் தொடாதீர்கள். கடைக்காரர் முன்பக்கப் பாலிஷைத்தான் காட்டுவார், திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, இனி என்னை வாட்டுகிற விஷயம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசுகிறது.

அடிவாரத்திலிருந்து ஏறுகிற மெயின் ரோட்டில் இது தெரியாது. அங்கே இருபது கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் எல்லாம் பஸ் திரும்புகிற அகலம், முழுக்க ஒடிக்க வேண்டியதே வராது. தோட்டத்துப் பாதைக்குள் போனதும் ஆரம்பிக்கும். எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற இடத்தில் ஒரு திருப்பம். இடப்பக்கம் கல் அடுக்கிய தடுப்புச் சுவர், வலப்பக்கம் சரிவு, ஓரத்தில் சில்வர் ஓக் மரங்கள். இடதுபக்கம் முழுசாக ஒடித்து ஏற்ற வேண்டும். ஒடிக்கிற கடைசிக் கால் சுற்றில் 'சர்ர்ர்' என்று மட்கார்டின் பின்விளிம்பில் டயர் தேயும். ஆள் இல்லாமல் போனால் மெல்லிய சத்தம். பின்னால் மூட்டையும் ஆளும் ஏறிவிட்டால், திருப்பத்தில் வண்டி ஒருபக்கமாகச் சாயும்போது சத்தம் கரகரப்பாக மாறும். உள் லைனிங்கில் பளபளவென்று ஒரு பிறை வடிவத் தேய்மானம் விழுந்திருக்கிறது. டயரின் தோள்பட்டைப் பட்டனும் அந்த இடத்தில் மழுங்கிவிட்டது.

வீல் விற்ற கடையில் "சார், அப்படியே மாட்டலாம், எங்கேயும் இடிக்காது" என்றார்கள். கடை வாசலில் காலி வண்டியை வைத்து ஒடித்துப் பார்த்தால் இடிக்காதுதான். அவர்களைப் பற்றி நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். பேலன்சிங் பொறுமையாகச் செய்தார்கள். ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிட (சக்கரம் உட்காரும் மையப் பகுதியைவிட) பெரிதாக இருந்ததைக் கவனித்து அவர்களே வளையம் போட்டுக் கொடுத்தார்கள். அலாய்க்குத் தனி நட் தேவை என்று பழைய நட்டை மாட்ட மறுத்தார்கள். நூறு கிலோமீட்டருக்குள் ஒருமுறை வந்து நட்டை முறுக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். வேலை தெரிந்தவர்கள். தெரிந்தவர்கள் ஏன் பாரம் ஏற்றி ஒடித்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம். மலைக்குப் போகிற வண்டி என்று முதலிலேயே சொல்லியிருந்தேன்.

மெக்கானிக்கிடம் போனால் வைத்தியம் உண்டு. முன்சக்கரம் எவ்வளவு தூரம் ஒடியலாம் என்பதைத் தடுக்கிற ஸ்டாப்பர் போல்ட் இருக்கிறது. அதைத் திருகிக் கொஞ்சம் வெளியே நீட்டி லாக் நட்டைப் போட்டால் சக்கரம் முன்பு ஒடிந்த அளவுக்கு ஒடியாது, உரசாது. செய்து கொடுத்தார். உரசல் நின்றது. ஆனால் வண்டி திரும்ப முன்பைவிடக் கூடுதல் இடம் கேட்டது. அதே திருப்பத்தில் முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறிய வண்டி இப்போது பாதியில் மூக்கு சுவரைப் பார்த்து நிற்கும். கைப்பிரேக் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, சரிவை நோக்கிப் பின்னால் ஒரு முழம் இறக்கி, மறுபடி முதல் கியரில் ஏற்ற வேண்டும். கிளட்ச் வாசனை வண்டிக்குள் வரும். பின்சீட்டில் அம்மா இருந்தால் முருகா முருகா என்று ஆரம்பித்துவிடுவார். இரண்டு மழைக்காலம் அப்படி ஓட்டிவிட்டு, போல்ட்டைப் பழைய நிலைக்கே திருப்பச் சொல்லிவிட்டேன். உரசினாலும் பரவாயில்லை, சரிவில் ரிவர்ஸ் எடுக்க என்னால் ஆகாது.

இதில் டயரின் உயரத்தைவிட ரிம்தான் பெரிய குற்றவாளி என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. அலாய் ஏழு இன்ச், அதோடு சக்கரத்தைக் கம்பெனி ரிம்மைவிட ஒரு விரல் அளவு வெளியே தள்ளி உட்கார வைக்கிற மாதிரி வார்த்தது. சக்கரம் ஒடிவது பால் ஜாயிண்டுகளின் அச்சை வைத்து. அச்சிலிருந்து டயர் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு பெரிய வளைவை அது வீசும். மட்கார்டில் போய் உரசுவது அதனால்தான். பேரிங் போவதும் அதே கணக்கு: வெளியே தள்ளிய சக்கரம் பேரிங்கை நெம்புகோல் மாதிரி நெம்பிக்கொண்டே இருக்கும். மலை ரோட்டில், பாரத்தோடு, கல் மேலும் பள்ளத்திலும். எல்லா வண்டியிலும் பேரிங் தேயும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே பக்கம் திரும்பத் திரும்பப் போனால் சக்கரத்தையும் சந்தேகப்பட வேண்டும். 235 டயரை ஆறு இன்ச் இரும்பு ரிம்மிலேயே மாட்டலாம், அந்த அளவுக்கு ஆறிலிருந்து எட்டு இன்ச் வரை ரிம் பொருந்தும். அப்படி மாட்டியவர் ஒருவர் வாழவந்தியில் இருக்கிறார். அவர் வண்டியை நானே ஒடித்துப் பார்த்தேன், பெயருக்குத்தான் உரசுகிறது.

அலாயின் இன்னொரு தொல்லை சேறு. ரிம்மின் உட்பக்கக் குழியில் செம்மண் போய் அப்பி, காய்ந்து, செங்கல் மாதிரி ஆகிவிடும். மலையில் ஓட்டும்போது தெரியாது. சேலம் வந்து ஓமலூர் பக்கம் நாலுவழிச் சாலையில் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கும். அலைன்மெண்ட் போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். வாட்டர் சர்வீஸ் பையன்கள் முன்பக்கத்தைத்தான் பளபளப்பாக்குவார்கள். ஆரங்களுக்கு நடுவே குழாயை உள்ளே விட்டுச் சுற்றிலும் அடிக்கச் சொல்ல வேண்டும். மண் கட்டியாக விழும், நடுக்கமும் போய்விடும். கூடவே ஒட்டிவைத்த பேலன்சிங் எடைகளும் சிலசமயம் விழுந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. டயர் நாலு சதவீதம் பெரிதானால் எல்லா கியரும் நாலு சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி. 63 குதிரைசக்தி வண்டிக்கு அது ஏற்றத்தில் தெரியும். முன்பு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே திரும்பிய வளைவுகளில் இப்போது முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இறக்கத்திலும் அப்படியே, அதே கியரில் இன்ஜின் பிடிப்பது கொஞ்சம் குறைவு. கோடை விழா நாட்களில் இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடும்போது, முழு ஆட்களோடு இறங்கினால் ஒரு கியர் குறைத்தே வாருங்கள். பிரேக்கை நம்பி இறங்காதீர்கள்.

பெரிய டயரில் மைலேஜ் குறைகிறது என்ற புகாரில் பாதி கணக்குப் பிசகு. டயர் பெரிதானால் ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டும். உண்மையில் 1000 கி.மீ. ஓடியிருந்தால் மீட்டரில் 959தான் ஏறியிருக்கும். மீட்டர் கணக்கில் லிட்டருக்கு 11 வந்தால் நிஜத்தில் பதினொன்றரைக்குப் பக்கம். வேகமும் அப்படித்தான். மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், 80 காட்டும்போது 83க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். டவுனுக்குள், ஐந்து ரோடு நெரிசலில், கனமான டயரை நிறுத்தி நிறுத்தி உருட்டுவதில் டீசல் நிஜமாகவே கூடுதலாகப் போகிறது. அதை எந்தக் கணக்காலும் சரிக்கட்ட முடியாது.

ஸ்டெப்னிக்கு வருகிறேன். நாலு டயர் மட்டும் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய 215ஆகவே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. பின்பக்கம் பஞ்சராகி ஒருபுறம் 235, மறுபுறம் 215 என்று ஓட்டினால், நேர் ரோட்டில்கூட டிஃபரன்ஷியல் (இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கர அமைப்பு) ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். நான் ஐந்தும் வாங்கினேன். அதற்கும் விலை உண்டு. கம்பெனி ஸ்டெப்னி கவர் 235க்கு ஏறவில்லை, ரெக்சினில் தைத்துப் போட்டேன். பின்கதவு கூடுதல் கனத்தில் கீல் பக்கம் லேசாகத் தொய்ந்து, பூட்டும் கொக்கியும் நேராகச் சேர்வதில்லை. சாத்தும்போது கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்த வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. வெளியாள் யாராவது படாரென்று சாத்தினால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

காகித விஷயமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. வண்டிக்குப் பதினைந்து வருஷம் ஆனால் பதிவைப் புதுப்பிக்க நேரில் காட்ட வேண்டும். என் வண்டிக்கு அது 2027இல் வருகிறது. மட்கார்டுக்கு வெளியே துருத்துகிற சக்கரத்தோடு போய் நிற்க எனக்கு விருப்பமில்லை. பழைய இரும்பு ரிம் ஐந்தையும் அட்டத்தில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யார் எவ்வளவு கேட்டாலும் பழைய ரிம்மை விற்காதீர்கள்.

இப்போது தம்பிக்குப் பதில். போடாதே. மழையில் ஏறுகிற சந்தோஷம், கல்லில் தைரியம் என்று மேலே நான் புகழ்ந்ததெல்லாம் உண்மை, ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அந்தச் சந்தோஷத்தில் முக்கால்வாசி ஏ.டி. பட்டன் கொடுத்தது, அளவு கொடுத்தது கால்வாசி. அதே 215/75 ஆர்15இல் ஏ.டி. டயர் கிடைக்கிறது. உன் இரும்பு ரிம்மிலேயே மாட்டு. கல்லில் இடித்து ரிம் வளைந்தால் ஒண்டிக்கடைப் பக்கம் பஞ்சர் கடையிலேயே தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம், அலாய் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். வாங்கும்போது டயர் ஓரத்தில் நாலு இலக்க எண்ணைப் பார். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், கடைசி இரண்டு இலக்கம் தயாரான வருஷம். இரண்டு வருஷம் கிடந்த சரக்கைத் தள்ளுபடி என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

என் வண்டியில் இந்த மாதமே அலாயைக் கழற்றுகிறேன். இரும்பு ரிம்மைத் துருத் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தாயிற்று. அதில் இந்த 235ஐயே மாட்டி, பட்டன் தேய்கிற வரை ஓட்டுவேன். அப்புறம் 215தான். அலாய் செட் விற்பனைக்கு இருக்கிறது. மலைக்குப் போகாத, பாரம் ஏற்றாத வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கேட்கவும்.