சல்லடம் தைத்துக் கொடுத்த பாய் கடை, குன்னத்தூர் சத்திரம், மதுரை

என் மகனுக்கு ஆறு வயதில் டெங்கு வந்தது. அவன் பிழைத்து எழுந்தால் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்குத் தண்ணீர் பீய்ச்ச வைக்கிறேன் என்று அத்தை, அதாவது என் மாமியார், வேண்டிக்கொண்டார்கள். ஐந்து சித்திரை ஏதேதோ காரணத்தில் தள்ளிப்போனது. அவனுக்குப் பதினோரு வயதானபோது, "சாமி கடனை இனியும் பாக்கி வைக்கக் கூடாது" என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வேலைக்குப் போகிறவள், அலைய நேரமில்லை என்று போனிலேயே பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பு ஒரு செட் ஆர்டர் போட்டேன். 1,150 ரூபாய். வந்ததைப் பிரித்தால், சல்லடத்துக்கு, அதாவது அரைக்கால் சட்டைக்கு, இடுப்பில் எலாஸ்டிக், ஓரத்து ஜிகினா லேஸ் முழுக்கப் பசை போட்டு ஒட்டியது. தண்ணீர் பீய்ச்சுகிறவன் காலையிலிருந்து நனைந்துகொண்டேதான் இருப்பான். ஒரு முறை நனைத்துப் பார்த்தேன், பாதி லேஸ் வாளியில் மிதந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று பதில் வந்தது.

அத்தைதான், "புதுமண்டபத்துக்காரங்க இருக்கும்போது நீ எதுக்குடி அங்கெல்லாம் போன?" என்றார்கள். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. தூணுக்குத் தூண் தையல் மிஷின், வளையல், பித்தளைச் சாமான், பாடப்புத்தகம் என்று ஏறத்தாழ 300 கடைகள். என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் அங்கே வாங்கியவைதான். யாளிக்கும் குதிரைவீரனுக்கும் நடுவே தைத்துக்கொண்டிருப்பார்கள். சில வருடங்களுக்கு முன் அந்தக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் எழுப்பிய புது வணிக வளாகத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களுக்காகப் பார்த்தால் அது சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புகை படிந்து, ஆணி அடித்து, அந்தத் தூண்கள் பட்ட பாட்டை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கோயிலுக்கு வந்த கூட்டம் அப்படியே கடைக்குள் நுழைந்த காலம் அதோடு போய்விட்டது. இப்போது தெரிந்தவர்கள்தான் தேடிப் போகிறார்கள். பழைய இடத்துக்கே கால் பழகியிருந்ததால் நானும் இரண்டு பேரிடம் வழி கேட்டுத்தான் போனேன்.

நான் போனது மாடியில் ஒரு சின்னக் கடை. இரண்டு மிஷின், சுவர் முழுக்கச் சாமி பாவாடை, தேரில் தொங்கவிடும் தொம்பை, காவடித் துணி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பாய். அவருடைய தாத்தா காலத்திலிருந்து சாமிகளுக்கும் வேண்டுதல்காரர்களுக்கும் தைக்கிற குடும்பம். மதுரையில் இது ஒன்றும் அதிசயமில்லை. சாமிக்குத் தைக்கிற தையல்காரர்களில் பலர் முஸ்லிம்கள்தான். நான் கொண்டுபோன ஆன்லைன் சல்லடத்தை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. "தம்பிய நாளைக்குக் கூட்டிட்டு வாம்மா, ஆளப் பாக்காம அளவு எடுக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் அவர் அளவெடுத்த விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முதலில் நிற்க வைத்து டேப்பில் எடுத்தார். பிறகு பையனைக் குனியச் சொன்னார், தண்ணீர் பீய்ச்சும் தோல்பையான துருத்திக்குப் பதிலாகத் தோளில் ஒரு பையைத் தொங்கவிட்டு ஓடச் சொன்னார், குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். ஒவ்வொரு முறையும் இடுப்பில் ஒரு காடாத் துணி நாடாவைச் சுற்றி, முடிச்சு எங்கே நகர்கிறது என்று பார்த்தார். "துருத்தியில தண்ணி நிறைஞ்சா எடை ஒரு பக்கமா இழுக்கும். எலாஸ்டிக் வச்சா சல்லடம் கீழ இறங்கிடும், பய பாதி வழியில அழுவான்" என்று விளக்கினார். எலாஸ்டிக்குக்குப் பதிலாக நாடா கோத்துத் தைத்தார். உள்ளே காடாத் துணி, மேலே சிவப்பு வெல்வெட். லேஸ் ஒவ்வொன்றும் இரட்டைத் தையல். கால் ஓரத்திலும் இடுப்பிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தார். "மூணு வருசம் வேண்டுதல்னு சொன்னீங்கள்ல, பிரிச்சு விட்டுக்கலாம்." நான் அதைச் சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சல்லடம், மேல்சட்டை, தலைக்கு உருமால், இடுப்புக் கச்சை எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் ஆனது. ஆன்லைனில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. மூன்று வருடத்துக்கு வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு 800.

துருத்தி அவரிடம் கிடையாது. எழுந்து, எங்களைக் கூட்டிக்கொண்டு இன்னொரு கடைக்கு வந்தார். அங்கே ஆட்டுத்தோல் துருத்தியும் பித்தளைக் குழாயும் வாங்கினோம். முதல் நாள் ராத்திரி ஊறப் போட்டால்தான் தோல் இளகும் என்று அந்தக் கடைக்கார அக்கா சொல்லிக் கொடுத்தார். அவர் எங்களைச் சலங்கைக்கு வேறு கடைக்கு அனுப்பினார். இவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதுதான் இந்த இடத்தின் பலம். ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடைக்கும் ஆள் வருவது குறையும். அப்படிப் பூட்டிய ஷட்டர்களையும் அன்றைக்குப் பார்த்தேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

கைவினைக் கலைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் தருகிற தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் பற்றிக் கேட்டேன். "கடன் கிடைக்கும்மா. வாங்கி இன்னொரு மிஷின் போடலாம். அதுல தைக்க வருசம் பூரா வேலை வேணும்ல?" என்றார். பங்குனி, சித்திரை, ஆடி, கார்த்திகையில் ராத்திரி பகலாகத் தைக்கிறார்கள், மற்ற மாதங்களில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தோன்றியதை வெளிப்படையாகச் சொல்கிறேன். பழைய மண்டபத்து வாசலில் எந்தக் கடை எங்கே போயிருக்கிறது என்று ஒரு பெரிய பலகை வைத்தாலே பாதி வழி பிறந்துவிடும். மீதி நம் கையில் இருக்கிறது. பள்ளி ஆண்டு விழா உடை, பரதநாட்டிய உடை, கொலுவுக்குப் பட்டுத்துணி எல்லாம் இவர்கள் தைக்கிறார்கள். ஐப்பசியிலோ தையிலோ போய்க் கொடுங்கள். அவர்களுக்கும் வேலை கிடைக்கும், உங்களுக்கும் நிதானமாகத் தைத்துக் கொடுப்பார்கள்.

குறையும் உண்டு. சொன்ன தேதிக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் கொடுத்தார். அந்த ஒரு நாள் எனக்குத் தூக்கமில்லை. போன் அடித்தால் மிஷின் சத்தத்தில் எடுப்பதில்லை. ரசீது கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறார். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பணம் ஜிபேயில் வாங்குகிறார். வயதானவர்களைக் கூட்டிப்போனால் படிக்கட்டை யோசித்துக்கொள்ளுங்கள். அத்தையைக் கீழேயே உட்கார வைத்துவிட்டேன், பாயே அளவு நாடாவோடு இறங்கி வந்து உருமாலைக் காட்டிவிட்டுப் போனார்.

மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று மூன்றுமாவடிப் பக்கம் பையன் பீய்ச்சினான். பம்பு வைத்துப் பீய்ச்சக் கூடாது, தோல்பையில்தான் பீய்ச்ச வேண்டும் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதால் தோல் துருத்திக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மூன்று மணி நேரம் நனைந்தான், ஓடினான், ஆடினான். சல்லடம் ஒரு விரற்கடை இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து அலசிக் காயப்போட்டபோது லேஸ் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு நூல் பிரியவில்லை.

கோயிலிலிருந்து நடந்தே போய்விடலாம். குன்னத்தூர் சத்திரம் என்று கேளுங்கள், மாடியேறி, சல்லடம் தைக்கிற பாய் என்று கேட்டால் காட்டுவார்கள். எங்கள் குலதெய்வத்துக்கு ஆடியில் சாத்தப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் போய் வாங்க வேண்டும்.