கேம்பர் வேனின் உள்சுவருக்கு எது: கார்ப்பெட்டா, ரெக்சினா, துணியா?

தங்கித் தூங்கிப் பயணிப்பதற்கான கேம்பர் வேனின் உள்பக்கத்தை எதைக் கொண்டு போர்த்துவது என்ற பேச்சு எடுத்தால், பெரும்பாலும் அது நிறத்திலும் தோற்றத்திலும் போய் நின்றுவிடுகிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். சுவர் தட்டையா, வளைந்ததா? அங்கே ஈரம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? பேனலைப் பிறகு கழற்ற வேண்டி வருமா? இந்த மூன்றுக்கும் விடை சொன்னால் பாதித் தேர்வு முடிந்த மாதிரிதான். ஒரே வேனுக்குள் இடத்துக்கு இடம் விடை மாறும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில், எல்லாப் பக்கமும் இழுபடும் ஸ்ட்ரெட்ச் கார்ப்பெட். சாதாரண வேனைக் கேம்பராக மாற்றுவோர் அதிகம் நாடுவது இதைத்தான், அதற்குக் காரணமும் உண்டு. சக்கர மேடு, ஜன்னலைச் சுற்றியுள்ள குழிவு, கதவு ஓரத்து வளைவு என்று தகரம் எப்படி நெளிந்தாலும் தையல் போடாமல் அதன் மேல் படியும். இரண்டு துண்டுகளைச் சேர்த்த இடம் இழைக்குள் ஒளிந்துகொள்ளும். புதிதாகக் கத்தரி எடுப்பவரையும் மன்னிக்கும் பொருள் இது. பல வகைகளில் வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் நேராகவே பிடிக்கும் என்பதால் சிறு பைகளை மாட்டிவைக்கவும் வசதி. இழை சாயும் திசை எல்லாத் துண்டுகளிலும் ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே சுருளில் வெட்டிய துண்டுகள்கூட இரண்டு நிறமாகத் தெரியும்.

குறை என்னவென்றால், சமையல் வாடையையும் தூசியையும் நாய் முடியையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தகரத்தில் நேரடியாக ஒட்டிவிட்டால் அடியில் துரு பிடிக்கிறதா என்று பார்க்க வழியில்லை. பிய்த்தால் பசையும் பஞ்சுமாகத்தான் வரும்.

ரெக்சின் இதற்கு நேர் எதிர். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் போதும். சமையல் பகுதி, சேற்றுக் காலோடு ஏறும் வாசல், பொருள் ஏற்றி இறக்கும் பின்கதவு இவற்றுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரவு தூங்கும்போது முதுகு பட்டால் சில்லென்றிருக்கும், வியர்த்தால் ஒட்டும். தட்டையான பிளைவுட் பேனலுக்கு அழகாக அமையும். வெளிப்பக்கம் புடைத்த வளைவுக்கும் ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) லேசாகச் சூடுகாட்டி இழுத்தால் படிந்துவிடும். உள்பக்கம் குழிந்த வளைவுதான் எதிரி. இழுத்து ஒட்டிய எதுவும் நேர்கோட்டுக்குத் திரும்பவே பார்க்கும். நாளாக நாளாகக் குழியை விட்டு எழும்பிவிடும். கார்ப்பெட்டுக்கும் இது பொருந்தும். குழியில் இழுக்காமல் தளர்வாக அமுக்கி ஒட்டிவிட்டு, அங்கிருந்து வெளியே நகர வேண்டும்.

ரெக்சின் ஈரத்தைத் தடுக்கும் என்பது பாதி உண்மை. தூங்குபவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் வரும் நீராவி அதன் முகத்தைத் துளைக்காது, சரி. ஆனால் ஓர இடைவெளி, கிளிப் ஓட்டை வழியாகப் பின்னால் போய்க் குளிர்ந்த தகரத்தில் நீராகும். அப்புறம் உலர வழி கிடைக்காமல் பிளைவுட்டின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். எனவே ரெக்சின் போர்த்துவதானால் பிளைவுட்டின் பின்பக்கத்துக்கு வார்னிஷ் அடியுங்கள், பேனலைக் கழற்றக்கூடியதாகவே மாட்டுங்கள். கதவின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை எதைக் கொண்டும் மூடாதீர்கள்.

துணியில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. கார் கூரைகளில் இருப்பது, மெல்லிய ஃபோம் முதுகோடு சேர்ந்தே வரும் துணி. பழைய கார்களில் கூரைத்துணி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பசை விட்டுப்போனதுபோல் தெரியும். பெரும்பாலும் பசை தகராறு செய்திருக்காது. சூட்டிலும் ஈரக்காற்றிலும் பாலியூரிதேன் ஃபோம் மட்கிப் பொடியாகியிருக்கும். அந்தப் பொடியின் மேல் புதுப் பசை அடித்துப் பயனில்லை, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஒட்ட வேண்டும். வெயிலில் நிற்கப்போகும் வேனுக்கு இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இன்னொரு வகையில் ஃபோம் தனி, துணி தனி. பிளைவுட்டில் ஃபோமை ஒட்டி, சீட்டுக்குப் போடும் உறுதியான துணியை மேலே போர்த்தி, பின்பக்கம் மடித்து ஸ்டேப்ளர் அடிப்பது. ஃபோம் நொந்துபோனாலும் துணி விழாது, ஸ்டேப்பிளைப் பிடுங்கினால் துவைக்கவும் முடியும். படுக்கைத் தலைமாட்டுக்கு இதுவே என் முதல் தேர்வு: கைக்கு இதமாக இருக்கும், வண்டிக்குள் எதிரொலியும் குறையும். நான்கு பக்கமும் முதலில் நடுவில் ஒவ்வொரு ஸ்டேப்பிள், பிறகு எதிரெதிராக மூலையை நோக்கி நகர வேண்டும். ஸ்டேப்பிளின் கால் பிளைவுட்டின் தடிமனைவிடக் குட்டையாக இருக்கட்டும், கம்பி துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். துணி மடியும் தடிமனுக்காக ஒவ்வொரு ஓரத்திலும் 2, 3 மில்லிமீட்டர் பேனலைக் குறைத்தே வெட்டுங்கள். போர்த்திய பிறகு நுழையாத பேனலைச் சீவ முடியாது.

ஃபோமுக்குள் இருக்கும் நுண்ணறைகள் மூடியிருந்தால் அது நீரைக் குடிக்காது, திறந்திருந்தால் குடிக்கும். ஈரம் வரும் சுவருக்கு முதல் வகையே சரி. ஆனால் பாலிஎத்திலீன் ஃபோமில் சாதாரணப் பசை எளிதில் பிடிக்காது, ஒரு துண்டில் ஒட்டிப் பார்த்த பிறகே வாங்குங்கள். 3 முதல் 6 மில்லிமீட்டர் ஃபோம் மெத்துக்காக மட்டும்தான். அது குளிரைத் தடுக்கும் என்று நம்பி பின்னால் போட வேண்டிய இன்சுலேஷனை விட்டுவிடாதீர்கள்.

பசையில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. வெயிலில் நிற்கும் அடர்நிற வேனின் தகரம் 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். கைவேலைக்கு விற்கும் ஸ்ப்ரே பசை பல அந்தச் சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்டுங்கள். அதன் ஆவி தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது, வேனின் தரையில் தேங்கும். எனவே கதவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும், அடுப்பும் ஹீட்டரும் அணைந்திருக்க வேண்டும்.

தீயைப் பொறுத்தவரை மூன்றையும் ஒரே தட்டில்தான் வைப்பேன். வாகன உள்பொருள்களுக்கான அமெரிக்க விதி எஃப்எம்விஎஸ்எஸ் 302. அதன்படி தீ பரவும் வேகம் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதில் தேறிய பொருளாகவே வாங்குங்கள். ஆனால் தேறியது என்றால் எரியாதது என்று பொருளில்லை, மெதுவாக எரியும் என்பதுதான். அடுப்புக்குப் பின்னால் மூன்றுமே வேண்டாம், அங்கே அலுமினியத் தகடு போடுங்கள்.

ஒன்றை மட்டும்தான் வாங்குவேன் என்பவர், வண்டிக்குள் சமைப்பவரானால் கழற்றும் பேனலில் ரெக்சின், சமைக்காதவரானால் கார்ப்பெட். கலந்து போட மனமிருந்தால் வளைந்த தகரத்துக்குக் கார்ப்பெட், இடுப்புயரம்வரை தட்டைச் சுவருக்கு ரெக்சின், தலைமாட்டுக்கு மட்டும் துணி.