மொட்டைமாடிக்கு எந்த வெள்ளை: பெயிண்ட்டா, டைல்ஸா, சுண்ணாம்பா?

சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டுச் சூடு ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் உச்சத்துக்கு வரும். ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வைத்தால், அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த சட்டையைத் தொட்டதுபோல இருக்கும். ஃபேனைப் போட்டால் அந்தச் சூட்டையெல்லாம் வழித்து எடுத்துக் கட்டிலில் கொட்டும். திருச்சி உறையூரில் மேல்மாடி வீடு, 850 சதுர அடி. தளம் 5 அங்குலக் கான்கிரீட், அதன்மேல் வெறும் சிமென்ட் பூச்சு. பகல் முழுக்க வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரம் பார்த்து உள்ளே விடும்.

ஏசி போட்டால் அறை குளிரும், தளம் குளிராது. தலைக்குமேல் ஒரு அடுப்பை எரியவிட்டுக்கொண்டு கீழே ஏசியோடு மல்லுக்கட்ட வேண்டாம், முதலில் அடுப்பை அணைப்போம் என்று முடிவு செய்தேன். கையில் இருந்த வழிகள் ஐந்து: கூல் ரூஃப் பெயிண்ட் (தளம் சூடேறாமல் இருக்க மாடியில் அடிக்கும் வெள்ளை பெயிண்ட்), வெள்ளை டைல்ஸ், பச்சை வலை, மாடித்தோட்டம், சுண்ணாம்பு. கடைசியில் சுண்ணாம்புக்குத்தான் போனேன், மூன்று கோடை ஆகிறது. இனி எழுதுவதெல்லாம் சுண்ணாம்புக்காரன் பேச்சு என்று தெரிந்தே படியுங்கள்.

மாடித்தோட்டத்தை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். பை வைத்த இடம் மட்டும்தான் குளிரும். முழு மாடியையும் மூடும் அளவுக்குச் செடி வைத்தால், கத்திரி வெயிலில் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். தக்காளிக்காகத் தோட்டம் போடுங்கள், குளிர்ச்சிக்காக வேண்டாம்.

பச்சை வலை உண்மையிலேயே வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. வெயில் தளத்தில் விழுவதற்கு முன்பே தடுத்துவிடுகிறது, வலைக்கும் தளத்துக்கும் நடுவில் காற்றும் ஓடுகிறது. 50 சதவீத நிழல், 75, 90 என்று வகை வகையாகக் கிடைக்கிறது. ஆனால் திருச்சியில் ஆடிக்காற்று என்று ஒன்று உண்டு. இரும்புக் குழாய் நட்டு இழுத்துக் கட்டிய வலையும் அந்த ஒரு மாதத்தில் பட்டம் விடப் பார்க்கும். அப்புறம் இரண்டு மூன்று வருட வெயிலில் பொரிந்து, தொட்டாலே தூளாகும் பிளாஸ்டிக்கை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வழி என்று தேடிவந்த எனக்கு அது உறுத்தியது.

மிச்சம் மூன்று. மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: வெயிலைத் திருப்பி அனுப்புவது. பழைய சிமென்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் முக்கால்வாசியை விழுங்கிவிடும். பளிச்சென்ற புது வெள்ளையோ முக்கால்வாசிக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே முதல் மாதத்தில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெயிண்ட் கடைக்காரர் தம் பொருளில் தனி விஞ்ஞானம் இருக்கிறது என்பார், கேட்டுக்கொள்ளலாம். ஆனால் வெள்ளை எத்தனை மாதம் வெள்ளையாக இருக்கும், அழுக்கான பிறகு அதை மறுபடி வெள்ளையாக்க என்ன செலவாகும் என்பதுதான் விஷயமே.

டைல்ஸ் இதில் நல்ல மார்க் வாங்கும். வழவழப்பாக இருப்பதால் தண்ணீர் ஊற்றித் தள்ளினால் அழுக்கு போய்விடும். பத்துப் பதினைந்து வருடம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் எனக்குச் சொன்ன விலை கூலியோடு சதுர அடிக்கு 110 ரூபாய். அதைவிட எடைதான் யோசிக்க வைத்தது. ஒரு அங்குலம் சிமென்ட் கலவை போட்டாலே சதுர அடிக்கு ஐந்து கிலோ, டைல்ஸ் ஒன்றரை இரண்டு கிலோ. 850 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் ஐந்தரை டன்னுக்கு மேல் தலைக்குமேல் ஏறுகிறது. இருபத்தைந்து வருடக் கட்டடத்தில் அதை ஏற்றுவதற்கு முன் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். புதிதாகக் கட்டுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டைல்ஸ் போடலாம். மத்தியானம் மாடிக்குப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்க வேண்டும், அவ்வளவு கூச்சம். மழையில் வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்துப் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். என் மாமனார் வீட்டில் இன்றும் அதுதான், சூடு இறங்கவே யோசிக்கும். இன்று அதற்கு இடிக்க ஆளும் கிடையாது, பொறுமையும் கிடையாது.

சரி, பெயிண்ட்டும் சுண்ணாம்பும்.

பக்கத்துத் தெருவில் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு வருடம் முன்பே கூல் ரூஃப் பெயிண்ட் அடித்தார். பிரைமர், அதன்மேல் இரண்டு கோட், சதுர அடிக்கு 30 ரூபாய் ஆனது. முதல் கோடையில் அவர் வீட்டுக்குப் போனபோது பொறாமையாக இருந்தது. அந்த வருடம் ஐப்பசி மழையில் பாசி பிடித்தது, மார்கழியில் அது காய்ந்து கறுத்தது, தையில் அதன்மேல் தெருப்புழுதி படிந்தது. அடுத்த சித்திரையில் அவர் மாடி சாம்பல் நிறம். பெயிண்ட் எங்கும் உரியவில்லை, ஐந்து வருட வாரண்டி கொடுத்தவர்கள் அந்த வகையில் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் வாரண்டி பெயிண்ட்டுக்குத்தானே, வெள்ளைக்கு இல்லையே! பிரஷும் சோப்புத்தூளுமாக இரண்டு ஆள் ஒரு நாள் தேய்த்துக் கழுவினார்கள், பாதி வெள்ளை திரும்பி வந்தது. டேங்க் தண்ணீர் இரண்டு தடவை காலி. கோடைக்காலத்தில் அந்தத் தண்ணீர் கணக்கு எனக்குக் கசந்தது. அவர் வீடு பஸ் போகிற ரோட்டை ஒட்டியது என்பதையும் சொல்லியாக வேண்டும். புழுதி இல்லாத ஊரில் இதே பெயிண்ட் இன்னும் நன்றாக நின்றிருக்கலாம்.

சுண்ணாம்பு நேர் எதிர். அது நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி கரைந்து போய்விடும். எல்லோரும் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் போகும்போது பாசியையும் புழுதியையும் சேர்த்தே கொண்டுபோய்விடுகிறது. மாசிக் கடைசியில் தென்னந்துடைப்பத்தால் ஒரு தடவை கூட்டிவிட்டு மறுபடி அடித்தால், கத்திரி தொடங்கும்போது மாடி புத்தம்புது வெள்ளை. வெயில் கொல்லுகிற மாதங்களில் வெள்ளையாக இருந்தால் போதும். மார்கழிப் பனியில் சாம்பலாக இருந்தால் எனக்கென்ன?

செலவு எனக்கு ஆனது இது: சுண்ணாம்பு 40 கிலோ, பசை எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய் பக்கம், இரண்டு ஆள் கூலி 2,500. ஐந்து வருடம் விடாமல் அடித்தாலும் 17,500. நண்பர் வீட்டுக் கணக்கில் என் மாடிக்குப் பெயிண்ட் 25,500, கழுவும் கூலி தனி. 2017இல் அகமதாபாத்தில் எளிய மக்களின் வீட்டுக் கூரைகள் சுமார் 3,000க்கு வெள்ளை அடித்தபோதும் சுண்ணாம்பைத்தான் எடுத்தார்கள். காரணம் விலைதான்.

முதல் வருடம் எனக்கு இந்த 40 கிலோ கணக்கு தெரியாது. 25 கிலோதான் வாங்கினேன். வெள்ளையடிக்க வந்த பெரியவர் கிழக்கிலிருந்து பகுதி பகுதியாக மூன்று கோட் அடித்துக்கொண்டே வந்தார். மேற்கே மூன்றில் ஒரு பங்கு மாடி மிச்சம் இருக்கும்போது சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கடை ஞாயிற்றுக்கிழமை லீவு. அது நல்லதாகப் போயிற்று. மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்குச் செருப்பில்லாமல் மாடியில் கால் வைத்தேன். வெள்ளையில் வெதுவெதுப்பு மட்டும்தான், நின்று பேசலாம். வெள்ளை முடிகிற இடத்தைத் தாண்டிச் சிமென்ட்டில் ஒரு அடி வைத்தேன், இரண்டாவது அடி வைக்காமல் குதித்துத் திரும்பிவிட்டேன். "என்ன தம்பி, டான்ஸ் ஆடுறீங்க?" என்றார் பெரியவர். அந்தச் சிமென்ட்டுக்கு நேர் கீழேதான் எங்கள் படுக்கையறை என்று அப்போதுதான் உறைத்தது.

சுண்ணாம்பின் தொல்லைகளையும் மறைக்கவில்லை. காலில் ஒட்டும். வீட்டுக்குள் வெள்ளைப் பாதம் பதியும், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வடாம் பிழிகிறவர்கள் பாய்க்கடியில் ஷீட் போட வேண்டும். மழைநீர் சேகரிப்புக் குழாய் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போகிறது என்றால், முதல் இரண்டு மழையை வெளியே திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் பால் போலத் தண்ணீர் இறங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுண்ணாம்பு ஒழுக்கை அடைக்காது. தளத்தில் விரிசல் இருந்து மழையில் சொட்டுகிறது என்றால் இந்த அலசலையே மறந்துவிட்டு, ஒழுக்கை அடைத்துப் பெயிண்ட்டுக்குப் போங்கள், அங்கே பெயிண்ட்தான் ஜெயிக்கும். வருடா வருடம் மாசியில் ஆள் தேடி அலைய முடியாதவர்களுக்கும், வெளியூரில் இருந்துகொண்டு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் அதேதான்.

இதெல்லாம் செய்தால் வீடு ஊட்டியாகிவிடாது. மேற்குச் சுவர் வழியாக வருகிற சாயங்கால வெயில் வரத்தான் செய்யும், அதற்கு ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்துவிடுகிறோம். ஆனால் ராத்திரி ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டால் இப்போது அது சுவரைவிடச் சூடாக இல்லை. பத்து மணிக்கு மேல் ஃபேன் மட்டும் போதும், மே மாதத்தில் நான்கைந்து நாள் தவிர. அந்த நாட்களில் கூடத்தில் பாய் விரித்துவிடுகிறோம்.

அடிக்கப் போகிறவர்களுக்கு: கல் சுண்ணாம்பைப் பிளாஸ்டிக் வாளியில் நீற்றாதீர்கள், கொதிக்கிற கொதியில் வாளி நெளிந்துவிடும். இரும்பு டிரம்மில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள். கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. ஒரு ராத்திரி ஆறவிட்டுத் துணியில் வடிகட்டி, பசை கலந்து, மாடியை நனைத்துவிட்டுக் காலை எட்டரைக்குள்ளும் சாயங்காலமும் அடிக்க வேண்டும். நல்ல வெயிலில் அடித்தால் பிடிக்காமல் பொரிந்துவிடும். தண்ணீர் டேங்கையும் விடாதீர்கள். எங்கள் சிமென்ட் டேங்க்குக்கு இரண்டு கோட் அடித்த பிறகு, மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடுவதில்லை. இந்த வருடம் மிஞ்சின அரை டிரம் சுண்ணாம்பின் மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கவிட்டு மூடி, மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த மாசிக்கு ஆகும்.