காமிக்ஸ் படிக்கத் தொடங்குவது எங்கிருந்து: 1962-லிருந்தா, புது ஒன்றாம் இதழிலிருந்தா, முடிகிற புத்தகத்திலிருந்தா?

தீபாவளி லீவுக்கு அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு வந்திருந்தான். ஒன்பதாவது படிக்கிறான். ஸ்பைடர்மேன் படம் ஒன்று விடாமல் பார்த்தவன். வெளியே நல்ல மழை. என் அலமாரியிலிருந்து ஒரு காமிக்ஸ் தொகுப்பை உருவிக்கொண்டு, கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தான். பேச்சுக் குமிழுக்குள் ஒரு நட்சத்திரக் குறி. கட்டத்தின் அடியில் சின்னப் பெட்டி. இந்தச் சம்பவம் இன்ன இதழில் நடந்தது என்று ஓர் எண். அடுத்த பக்கத்தில் இன்னொரு பெட்டி, வேறொரு தொடரின் எண்ணோடு.

"மாமா, இதையெல்லாம் படிச்சாத்தான் இது புரியுமா? அப்ப எதுலேர்ந்துதான் ஆரம்பிக்கிறது?"

இதே கேள்வியோடு நானும் அலைந்திருக்கிறேன். மூன்று வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன், மூன்றுக்கும் காசு கொடுத்திருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் வழி, ஆதியிலிருந்து. ஸ்பைடர்மேன் என்றால் 1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேண்டஸி' 15ஆம் இதழ். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் சேர்ந்து செய்த 11 பக்கக் கதை. சிலந்தி கடிப்பதிலிருந்து பென் சித்தப்பா சாவது வரை எல்லாம் அந்த 11 பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' தொடரில் டிட்கோ வரைந்த 38 இதழ்களுக்காகவே இந்த வழியில் போகலாம் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 33ஆம் இதழில் தலைக்கு மேல் இரும்பு இயந்திரம் அழுத்த, மருந்து எட்டாத தூரத்தில் கிடக்க, தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் பையன் பாரத்தைத் தூக்குவான். கட்டம் கட்டமாகப் பெரிதாகி, கடைசியில் ஒரு முழுப் பக்கம். அதைப் பார்த்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்து உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் படம் காட்டுவதையே எழுத்தும் சொல்கிற பக்கங்கள் நூற்றுக்கணக்கில். சினிமா பார்த்து வளர்ந்த பதினாலு வயசுப் பையன் அதைத் தாண்ட மாட்டான். சூப்பர்மேனுக்கு இந்த வழி இன்னும் நீளம். 1938-ல் தொடங்கிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 2018-ல் ஆயிரமாவது இதழைத் தொட்டது. ஆதியிலிருந்து தொடங்குவது பழகிய வாசகனுக்கான விருந்து. புதியவனுக்கு வேண்டாம்.

இரண்டாவது வழி, புதிதாக வரும் ஒன்றாம் இதழைப் பிடிப்பது. கடைக்காரர்களும் பதிப்பகங்களும் கைகாட்டுவது இதைத்தான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 1963-க்குப் பிறகு 1999, 2014, 2015, 2018, 2022 என்று திரும்பத் திரும்ப ஒன்றாம் இதழ் போட்டிருக்கிறது. எண்தான் புதிது. ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரின் பழைய கதைக் கணக்கெல்லாம் அப்படியே கூட வருகிறது. சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசி இன்னும் துணிந்து பார்த்தது. 1985-86-ல் 12 இதழ்களில் ஒரு பெருங்கதை நடத்தி, தன் கதைகளில் இருந்த பல பூமிகளை ஒன்றாக்கிக் கணக்கைத் தீர்த்தது. 2011-ல் 52 தொடர்களை ஒரே வீச்சில் ஒன்றிலிருந்து தொடங்கியது. ஐந்தே வருஷத்தில், 2016-ல், விட்டுப்போன பழசையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தது. ஒவ்வொரு முறை இப்படிச் சுத்தம் செய்யும்போதும், அந்தச் சுத்தம் செய்த கதையும் படிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிடுகிறது.

இதில் விதிவிலக்கு, ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் பதிப்பகத்தின் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்'. 2000-ல் பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, மார்க் பேக்லி வரைய, பழைய கணக்கு எதுவும் இல்லாத தனி உலகத்தில் தொடங்கியது. 62-ல் 11 பக்கத்தில் முடிந்த பிறப்புக் கதை இங்கே ஏழு இதழுக்கு நிதானமாக விரிகிறது. பேக்லி தொடர்ந்து நூறு இதழுக்கு மேல் வரைந்திருக்கிறார், அதனால் முகங்கள் மாறாது. எண் குழப்பம் ஒன்று மட்டும் உண்டு: 133-க்குப் பிறகு மறுபடி 1 முதல் 15 வரை வந்து, அப்புறம் 150-க்குத் தாவும். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது வழி, ஒரே தொகுப்பில் கதை முடிகிற புத்தகம். இந்த மூன்றில் எதை எடுப்பது என்பதை என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: கையில் இருக்கும் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டா? விலை, படம், பிடித்த நாயகன் யார் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் வாசிப்புப் பழக்கம் அப்படி. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது, 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. அந்தப் புத்தகங்களை வாங்கி வளர்ந்தவர்களுக்கு 'முழு நீளச் சித்திரக்கதை' என்றால் என்னவென்று தெரியும். ஒரு புத்தகம் வாங்கினால் ஒரு சாகசம் முடியும். பழைய புத்தகக் கடையில் எந்த இதழ் கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு வந்து படிக்கலாம். அமெரிக்க மாதத் தொடர் அப்படி இல்லை. பாத்திரம் நிறுவனத்துடையது, அடுத்த மாதமும் இதழ் வந்தாக வேண்டும், எழுத்தாளர் மாறுவார், கதை முடியவே கூடாது. அதைப் படித்து முடிக்க முடியாமல் போவது உங்கள் குறை இல்லை. ஆனால் முதல் புத்தகத்திலேயே அந்த முடியாமையில் மாட்டியவன் இரண்டாவதை வாங்க மாட்டான்.

நானே மாட்டியிருக்கிறேன். 2011-ல் தொடங்கிய தொடர் ஒன்றில் மூன்று தொகுப்பு வாங்கினேன். நாலாவது அச்சில் இல்லை. இணையத்தில் ஒருவர் இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு ஐந்தாவதை அனுப்பினார். அதுவும் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து, கூரியர் பத்து நாள் கழித்துத்தான் வந்தது. வழவழப்பான தாள் வேறு. இங்கே ஈரம் ஏறினால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பு எரியவிட்டுத்தான் காப்பாற்றுகிறேன். முடியாத கதை ஒன்றை இத்தனை பாடுபட்டுக் காப்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் என் ஓட்டு மூன்றாவது வழிக்கு, முடிகிற புத்தகத்துக்கு. அதிலும் அக்கா மகன் கையில் நான் கொடுத்தது 'ஆல் ஸ்டார் சூப்பர்மேன்'. கிராண்ட் மாரிசன் எழுத்து, ஃபிராங்க் குவைட்லி படம், 2005 முதல் 2008 வரை வந்த 12 இதழ்கள். சூப்பர்மேன் யார், எங்கிருந்து வந்தான் என்பதை முதல் பக்கம் நாலே கட்டத்தில், மொத்தம் எட்டே சொல்லில் சொல்லி முடித்துவிடும். வெடிக்கப்போகும் கிரகம், பெற்றவர்கள், விண்கலம், எடுத்து வளர்த்த தம்பதி. அவ்வளவுதான். பெட்டி இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. சூரியனுக்கு மிக அருகில் போனதால் அவன் உடம்பின் ஒவ்வொரு உயிரணுவும் சூரிய சக்தியால் நிரம்பி வழிந்து, சாவு நிச்சயமாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் நாட்களில் என்னென்ன செய்துவிட்டுப் போகிறான் என்பதுதான் கதை.

பத்தாவது இதழில் ஒரு பக்கம் இருக்கிறது. உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெண், கண்ணை மூடிக்கொண்டு குதிக்கத் தயாராக நிற்கிறாள். கையிலிருந்த போன் விழுகிறது. பின்னால் சூப்பர்மேன் வந்து நிற்கிறான். தூக்கிக்கொண்டு பறக்கவில்லை. அவள் தோளில் கை வைத்து, அவளுக்கு எவ்வளவு தைரியம் இருக்கிறது என்பதைச் சொல்கிறான், கட்டிப்பிடித்துக்கொள்கிறான். ஐந்து கட்டம், ஒரே பக்கம். எழுபது வருஷத் தொடர்ச்சி எதுவும் தெரியாமல் இந்தப் பக்கத்துக்கு வருகிறவனுக்கும் சூப்பர்மேன் யார் என்பது முழுசாகப் புரியும்.

பெரியவர்கள் கேட்டால் 'பேட்மேன்: இயர் ஒன்' சொல்வேன். 1987-ல் ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மஸுக்கெல்லி வரைந்த நாலு இதழ். பேட்மேன் அளவுக்கு அது ஊருக்குப் புதிதாக ரயிலில் வந்து இறங்கும் கார்டன் என்ற போலீஸ்காரரின் கதையும்கூட. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க மாட்டேன்.

எக்ஸ்-மென் பக்கம் நான் கொஞ்சம்தான் படித்திருக்கிறேன். அதில் எது முடிகிற புத்தகம் என்று சொல்லும் தகுதி எனக்கு வரவில்லை. மாதச் சந்தா கட்டி போனில் படிக்கும் வழியையும் ஒரே மாதம்தான் பார்த்தேன். பல்லாயிரம் இதழ் கிடைக்கிறது, பூசணம் பிடிக்காது. ஆனால் இரண்டு பக்கம் விரிந்து கிடக்கும் படத்தை அந்தச் சின்னத் திரையில் நகர்த்தி நகர்த்திப் பார்க்க எனக்கு ஒட்டவில்லை. டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

பையன் இரண்டு ராத்திரியில் 12 இதழையும் முடித்தான். பஸ் ஏறும்போது, "மாமா, இப்ப ஸ்பைடர்மேன்" என்றான். பொங்கலுக்கு வரும்போது 'அல்டிமேட்' முதல் தொகுப்பு தயாராக இருக்கும். முதல் ஏழு இதழ்தான் அதில். பிடிக்காமல் அங்கேயே நிறுத்தினாலும் ஒரு கதை படித்து முடித்தவனாகத்தான் ஊருக்குப் போவான்.