அள்ளி வாங்குவதா, பாக்கெட்டா?

தொட்டியில் கொட்டி வைத்த தானியத்தையும் கொட்டைகளையும் நாமே வேண்டிய அளவு அள்ளிக்கொள்வதா, கட்டி வைத்த பாக்கெட்டை எடுப்பதா? இயற்கை உணவுக் கூட்டுறவு அங்காடியில் பலர் தயங்கி நிற்கும் இடம் இதுதான்.

விலை: அள்ளினால் பெரும்பாலும் மலிவு, 50 கிராம்கூட வாங்கலாம். பாக்கெட்டில் உறைக்கும் சேர்த்துக் காசு.

சிரமம்: பாக்கெட்டை எடுத்தோம், நடந்தோம். அள்ளிப் போடச் சொந்தப் புட்டி கொண்டுபோனால் முதலில் வெறும் புட்டியை எடைபோட்டுக் குறிக்க வேண்டும். மறந்தால் கண்ணாடிக்கும் பாதாம் விலைதான், நான் கொடுத்திருக்கிறேன்.

கெடாமை: பழுப்பரிசி, முழுக்கோதுமை மாவு, கொட்டைகள் எல்லாவற்றிலும் எண்ணெய் உண்டு. காற்றும் வெளிச்சமும் பட்டால் சிக்குவாடை அடிக்கும். தொட்டி மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பாக்கெட்டில் தேதி இருக்கிறது.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள வீட்டுக்கு, விவரம் படித்து வாங்கிய பாக்கெட்தான் சரி. ஒரே கரண்டி எத்தனை தொட்டிகளில் புகுந்ததோ! மற்றவர்கள் மசாலாவையும், முதன்முறை சமைக்கும் தானியத்தையும் அள்ளியே வாங்குங்கள்.