33 ஓமுக்குப் பதில் ஜீரோ ஓம்: போர்டு அடிக்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

மதுரையில் கன்ட்ரோலர் போர்டு அசெம்பிளிக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். பேர் போடவில்லை, போட்டால் அது வேறு வம்பு.

உசிலம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர் டைமர் பெட்டி செய்து கொடுக்கிறேன். முதல் 5 போர்டு நானே சால்டர் வைத்தது, இரண்டு வருஷமாக ஓடுகிறது. ஆர்டர் கூடியதும் 60 போர்டை டவுனில் ஒருவரிடம் கொடுத்தேன், முழுப் பணமும் முன்கூட்டியே, 6 மாத வாரண்டி. அத்தனையும் டெஸ்டில் பாஸ். ஏழாவது மாதம் போன் வர ஆரம்பித்தது. "டிஸ்ப்ளேல கோடு கோடா வருதுண்ணே" என்பார்கள், நாலு நாளில் பெட்டியே செத்துவிடும். இப்படி 14 போச்சு. அவரிடம் கேட்டால், "உங்க ஊரு கரண்ட் அப்படி தம்பி, நான் என்ன செய்ய?" நானும் நம்பி, கைக்காசு போட்டுச் சர்ஜ் புரொடெக்டர் மாட்டினேன். அதற்கப்புறமும் செத்தது.

ஒருநாள் மீட்டரை வைத்துப் பார்த்தால், டிஸ்ப்ளே சிக்னல் லைனில் 33 ஓம் ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஜீரோ ஓம், அதாவது வெறும் கம்பி போட்ட மாதிரி. போதாததற்கு 10 சென்டிமீட்டர் ரிப்பன் கேபிள் 40 ஆகியிருந்தது. "33 ஸ்டாக் இல்ல, ஜீரோ போட்டேன், ஓடுச்சுல்ல?" என்கிறார். பைசா கணக்கில் விற்கிற பொருள் அது!

மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினால் பைப்பில் 'டம்' என்று அடிக்குமே, அதே கதைதான். சிக்னல் கேபிள் முனையில் மோதித் திரும்பும்போது வோல்டேஜ் ஒரு கணம் எகிறும். சிக்னலை அனுப்பும் சிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ரெசிஸ்டர்தான் அந்த அடியை வாங்கிக்கொள்வது. நம் கிளாக், அதாவது சிக்னல் துடிக்கும் வேகம், மெதுவானதுதானே என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு கிளாக்கில் இல்லை, ஒவ்வொரு துடிப்பின் விளிம்பும், அதாவது ஜீரோவிலிருந்து மேலே போகும் இடம், எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதில். கேபிளில் சிக்னல் ஒரு நானோ செகண்டுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் போகும். 40 சென்டிமீட்டர் போய்த் திரும்ப 4 நானோ செகண்ட், இன்றைய சிப்புகளின் விளிம்பு அதற்குள் ஏறி முடிந்துவிடுகிறது.

ஆசிலோஸ்கோப் (வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் காட்டும் கருவி) வைத்திருக்கும் நண்பர் அந்த எகிறலை அளந்தார். முதலில் 5.2 வோல்ட். அதைக் காட்டியதும் போர்டு அடித்துக் கொடுத்தவர், "புரோபோட கிரவுண்ட் வயர் நீளம், பொய் ரீடிங்" என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. கிரவுண்டைக் குட்டையாக்கி மறுபடி அளந்தோம், 4.4. சப்ளை 3.3. இந்த வகைச் சிப்புகள் பலவற்றில் சப்ளைக்கு மேல் 0.3 முதல் 0.5 வோல்ட்டோடு எல்லை முடிகிறது. எப்போதாவது சின்னதாக எகிறினால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு தாங்கும். ஒவ்வொரு விளிம்பிலும் அடி விழுந்தால் டையோடு வழியே கரண்ட் பாய்ந்துகொண்டே இருக்கும். சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் கேட் என்ற முனைக்கு அடியில் சில நானோமீட்டர் கனத்தில் இருக்கிற ஆக்சைடு என்ற மின்காப்புப் படலத்தில் குறைகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஒருநாள் துளை விழும். சூடு ஏற ஏற இது வேகமாகும், சித்திரை வெயிலில் மோட்டார் ரூம் தகரக் கூரைக்குக் கீழே பெட்டி. அன்றைக்கு டெஸ்டில் பாஸ் ஆனதற்கும் ஏழாவது மாதம் செத்ததற்கும் இடையில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

வாரண்டி முடிந்தது என்று கைவிரித்துவிட்டார். பார்ட் மாற்றினால் எழுதிக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று முதலிலேயே பேப்பரில் வாங்கியிருக்க வேண்டும், என் தப்பு. முதல் போர்டு வந்ததுமே பவர் இல்லாமல் மீட்டர் வைத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை.

மீதி 46 பெட்டிக்கும் நானே போய் ரெசிஸ்டரும் குட்டைக் கேபிளும் மாற்றுகிறேன். ஏற்கெனவே அடி வாங்கிய சிப்பில் எவ்வளவு ஆயுசு மிச்சம் என்று அளக்க வழியில்லை, தோட்டக்காரர்களிடம் அதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்குச் செக்கானூரணியில் மூன்று பெட்டி.